வாட் போ மசாஜ்: ஒரு சலூன்காரன் படுத்துப் பார்த்துச் சொல்வது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மசாஜ் செய்துகொள்கிற ஆள் இல்லை, செய்துவிடுகிற ஆள். ஈரோட்டில் சலூன் வைத்திருக்கிறேன். பதினாறு வயதில் சீப்பைக் கையில் எடுத்தது, இப்போது ஐம்பத்திரண்டு. கட்டிங் முடிந்ததும் தலைக்கு எண்ணெய் வைத்துத் தட்டி, தோளைப் பிடித்துவிட்டு, கடைசியில் கழுத்தைத் திருப்பி ஒரு சொடக்கு எடுத்தால்தான் நம் ஊரில் கொடுத்த காசுக்குத் திருப்தி. நாளைக்குப் பத்துப் பதினைந்து தோள் என் கையில் வந்துபோகும். அதனால் இதைச் சுற்றுலா போனவன் எழுதியதாகப் படிக்காதீர்கள். சமையல்காரன் ஒருவன் இன்னொருத்தர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹேர் கலர் கம்பெனி ஒன்று, வருடத்துக்கு இத்தனை பெட்டி எடுத்தால் பாங்காக் டூர் என்று ஆசை காட்டியது. எடுத்தேன். பாதிப் பெட்டி இன்னும் பரண்மேல் இருக்கிறது. ஈரோடு, கோபி, திருப்பூர் என்று பதினெட்டு சலூன்காரர்கள் கிளம்பினோம். தாய்லாந்து என்றதும் ஊரில் எல்லோரும் ஒரு மாதிரி சிரித்தார்கள். "மசாஜ் கிசாஜ்னு எங்கயாச்சும் போனீங்கன்னு தெரிஞ்சுது, அப்புறம் பாருங்க" என்றாள் என் மனைவி. நான் மசாஜுக்குத்தான் போனேன், ஆனால் போனது கோயிலுக்கு. போட்டோ அனுப்பிய பிறகுதான் நம்பினாள்.

அதற்கு முன்னால் முதல் நாள் ராத்திரி நடந்ததைச் சொல்ல வேண்டும். ஓட்டல் தெருவில் வரிசையாக மசாஜ் கடைகள். ஒரு மணி நேரம் 300 பாத் என்று போர்டு இருந்த ஒன்றில் நுழைந்தேன். நான் போனபோது பாத்தை இரண்டரையால் பெருக்கினால் ஏறக்குறைய நம் ரூபாய். ஒரு பெண்பிள்ளை வந்து ஆரம்பித்தாள். ஐந்து நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்தப் பிள்ளைக்கு யாரும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதுகெலும்பின் முடிச்சு மேலேயே நேராகக் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறாள். முழங்காலுக்குப் பின்னால் இருக்கிற குழியில் கையை ஊன்றுகிறாள். அந்தக் குழியில் ரத்தக்குழாயும் நரம்பும் தோலுக்குக் கீழேயே ஓடுகின்றன. அங்கே யாரும் பலம் போடக்கூடாது. நடுவில் இரண்டு தடவை போனைப் பார்த்தாள். முடிந்ததும் ஒரு தைலப் புட்டியை நீட்டி 400 பாத் என்றாள். காலையில் எழுந்து பார்த்தால் காலுக்குப் பின்னால் நீலம் பாரித்திருந்தது. அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் செய்கிறாளோ, கையில் எவ்வளவு வருகிறதோ. கடைக்காரர்மேல்தான் கோபம்.

மறுநாள் குழுவோடு வாட் போ கோயிலுக்குப் போனோம். சாய்ந்து படுத்திருக்கும் புத்தர் இருக்கிற கோயில். 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம், உள்ளங்கால் இரண்டிலும் முத்துச்சிப்பி பதித்து 108 மங்களச் சின்னங்கள். எல்லோரும் முகத்தோடு சேர்ந்து செல்ஃபி எடுத்தார்கள், நான் காலைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன். நான் போனபோது நுழைவுக் கட்டணம் 300 பாத். மசாஜுக்குத் தனிக் கட்டணம், ஒரு மணி நேரத்துக்கு ஐந்நூறு பாத்துக்குள் முடிந்தது. தெருக்கடையைவிட அதிகம்தான்.

மசாஜ் மண்டபத்துக்குப் போகுமுன் பார்க்க வேண்டிய ஒன்று அங்கேயே இருக்கிறது, பலர் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். ஒரு சின்ன மண்டபத்தின் சுவரில் கல்பலகைகள் பதித்திருக்கிறார்கள். அதில் மனித உடம்பு வரைந்து, உடம்பு முழுக்கக் கோடுகள், கோட்டில் புள்ளிகள், புள்ளிக்குப் பக்கத்தில் பொடி எழுத்து. எந்த இடத்தில் அழுத்தினால் எதற்கு என்கிற கணக்கு. முன்புறம் 30, பின்புறம் 30, மொத்தம் 60 படம். மூன்றாம் ராமா என்கிற ராஜா 1832-க்குப் பிறகு கோயிலைப் புதுப்பித்தபோது, மருத்துவம் மறந்துபோகக் கூடாது, யார் வந்தாலும் படித்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் பொறித்துவைக்கச் சொன்னாராம். அந்தக் கோயிலின் கல்வெட்டுகளை 2011-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. மசாஜுக்கு அவர்கள் சொல்லும் பேர் நுவாட். அந்த நுவாட் தாயையும் 2019-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எங்கள் வழிகாட்டி அந்தக் கோடுகளின் பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மொத்தம் பத்துக் கோடு. "சுமனா, இத்தா, பிங்கலா..." என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இடது பக்கம் ஓடுவது இத்தா, வலது பக்கம் பிங்கலா, நடுவில் சுமனா. நம் சித்தர் பாட்டில் வருகிற இடகலை, பிங்கலை, சுழுமுனை என்கிற மூன்று நாடிகள்தான். பக்கத்திலேயே ஒரு சின்னக் குன்று மாதிரி அமைத்து, தாடி வைத்த முனிவர் சிலைகளை வைத்திருக்கிறார்கள். ஒருத்தர் காலைத் தூக்கித் தோளில் போட்டிருக்கிறார், ஒருத்தர் தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டிருக்கிறார். ரிஷி என்பதை ருசி என்கிறார்கள். முதலில் 80 சிலை இருந்ததாம், இப்போது இருபத்துச் சொச்சம்தான் மிச்சம்.

எங்கள் ஆட்களை நம் ஊரில் மருத்துவர் என்று சொல்வது சும்மா வந்த பேர் இல்லை. தாத்தா முடி வெட்டுவதோடு சுளுக்கு வழிப்பார், கட்டி கீறுவார். பாட்டி மருத்துவச்சி, எங்கள் ஊரில் பாதிப் பேரை வெளியே எடுத்தவள். ராத்திரியில் முதுகு பிடித்துக்கொண்டது என்று ஆள் அனுப்புவார்கள். தாத்தாவின் கை வேண்டும், ஆனால் தாத்தா திண்ணையில் உட்காரக் கூடாது. அந்தக் கல்பலகைகளுக்கு முன்னால் நின்றபோது அதுதான் ஞாபகம் வந்தது. அவருக்குத் தெரிந்ததை யாரும் கல்லில் எழுதிவைக்கவில்லை, அவரோடு போயிற்று.

சரி, மசாஜுக்கு வருகிறேன்.

மண்டபம் கோயில் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. வரிசையாகத் தாழ்வான மெத்தைகள், எல்லோரும் எல்லோருக்கும் தெரியும்படி ஒரே கூடம். இருட்டறை, மெழுகுவர்த்தி, புல்லாங்குழல் இசை எல்லாம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். பக்கத்து மெத்தையில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா "ஆவ்" என்று கத்திக்கொண்டிருந்தார். காலைத் துடைத்துவிட்டு, தொளதொளவென்று ஒரு பருத்திச் சட்டையும் கால்சட்டையும் கொடுத்தார்கள். எண்ணெய் கிடையாது, துணிக்கு மேலேயே. பெண்கள் தனியாகப் போனாலும் தயக்கமில்லாமல் படுக்கலாம் என்பது இந்தத் திறந்த கூடத்தால் கிடைக்கிற பெரிய நன்மை.

எனக்கு வந்தது ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. என் தோள் உயரம் இருப்பார், நாற்பத்தைந்து கிலோ தேறினால் அதிகம். இந்த அம்மா என் எண்பத்திரண்டு கிலோவை என்ன செய்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் கால்மாட்டில் மண்டியிட்டு, கைகூப்பி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். ஜீவகருக்கு வணக்கம் என்று வழிகாட்டி பிறகு சொன்னார். புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகர்தான் அவர்களுக்கு இந்தத் தொழிலின் ஆதிகுரு.

பாதத்தில் ஆரம்பித்தார். முதலில் உள்ளங்கை, அப்புறம்தான் விரல். மெதுவாக ஏறி, கெண்டைக்கால், தொடை. எனக்குப் படுத்திருக்க முடியவில்லை, தலையைத் தூக்கித் தூக்கி அவர் கையைப் பார்த்தேன். முழங்கை மடங்கவே இல்லை. தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கை ஒரே தடி மாதிரி நேராக நிற்கிறது. இடுப்பு மட்டும் முன்னால் போகிறது, பின்னால் வருகிறது, ஆட்டுக்கல் ஆட்டுகிற மாதிரி. முன்னால் போகும்போது அவருடைய எடை என்மேல் இறங்குகிறது, பின்னால் வரும்போது எடுத்துக்கொள்கிறார். கையால் அழுத்தவே இல்லை அவர், சாய்ந்தார். அவ்வளவுதான். நாற்பத்தைந்து கிலோவில் எப்படி இவ்வளவு பலம் என்பதற்கு அதுதான் விடை. முப்பத்தாறு வருடமாக நான் புஜத்தால் செய்த வேலையை அவர் இடுப்பால் செய்துகொண்டிருந்தார்.

இடையில் ஒன்று செய்தார். தொடையும் அடிவயிறும் சேருகிற இடத்தில், நாடி துடிக்கிற இடமாகப் பார்த்து, உள்ளங்கையை வைத்து அசையாமல் சாய்ந்தார். அரை நிமிடம் இருக்கும். கால் மெல்ல மரத்துக்கொண்டு வந்தது. கையை எடுத்ததும் தொடையிலிருந்து கட்டைவிரல் வரைக்கும் வெந்நீர் ஊற்றிய மாதிரி சூடு இறங்கியது பாருங்கள், அதை எழுத்தில் சொல்ல முடியாது. ஆரம்பிக்கும் முன்னால் பிரஷர், இதய நோய் உண்டா என்று அவர்கள் கேட்டது இதற்காகத்தான் என்று அப்போது புரிந்தது. பிரஷர், காலில் நரம்புச் சுருட்டல், கால் ரத்தக்குழாயில் ரத்த உறைவு இருப்பவர்களுக்கு இதைச் செய்யக் கூடாது. தயவுசெய்து வீட்டில் பார்த்துச் செய்யாதீர்கள்.

நம் சித்த மருத்துவத்தில் இந்த வேலைக்குத் தொக்கணம் என்று பேர். கடைக்கு வருகிற சித்த டாக்டர் ஒருவர் அதன் ஒன்பது வகையை எனக்கு எழுதிக் கொடுத்திருந்தார்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கை கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். படுத்துக்கொண்டே எண்ணினேன். அழுத்தல்தான் பாதி நேரம். காலைப் பிடித்து இழுத்தார், இடுப்பை முறுக்கினார், தொடையை ஆட்டி அசைத்தார், மல்லாத்தினார், கடைசியில் இரண்டு கையையும் சேர்த்து முதுகில் தட்டினார். பேர்தான் வேறு, எல்லாம் நம் வீட்டுச் சரக்கு.

வலியை அவர் கவனித்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். என் வலது தோள்பட்டையில், கத்தரி பிடிக்கிற கையின் பின்பக்கம், ஒரு முடிச்சு பல வருடமாக உட்கார்ந்திருக்கிறது. யாருக்கும் நான் சொல்லவில்லை. அவர் முழங்கை அந்த இடத்துக்கு வந்ததும் நின்றது. என் முகத்தைப் பார்த்தார். "ஜெப்?" என்றார். வலிக்கிறதா என்று அர்த்தம். ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்குமேல் அழுத்தாமல், அங்கேயே வைத்துக்கொண்டு, என் மூச்சு வெளியே போகும்போது மட்டும் இம்மி இம்மியாக இறங்கினார். மூச்சு உள்ளே வரும்போது நின்றுகொண்டார். நாலைந்து மூச்சில் அந்த முடிச்சு வெண்ணெய் மாதிரி விட்டுக்கொடுத்தது. நானாக இருந்தால் வலிக்கிற இடம் என்றதும் இன்னும் இரண்டு அழுத்து சேர்த்து அழுத்தி, "இங்கதான் வாயு புடிச்சிருக்கு" என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு வலி தாங்கவில்லை என்றால் "பாவ் பாவ்" என்று சொல்லுங்கள், மெதுவாகச் செய்வார்கள். அந்த ஒரு வார்த்தை போதும்.

உட்காரவைத்துக் கழுத்துக்கு வந்தார். இரண்டு பக்கமும் நீவினார், மண்டைக்கு அடியில் இருக்கிற இரண்டு பள்ளத்தில் விரல் வைத்தார். முடிந்துவிட்டது என்று எழப்போனார். நான் விடவில்லை. என் தாடையில் கைவைத்துத் திருப்பிக் காட்டி, வாயாலேயே "டக்" என்று சத்தம் போட்டு, சொடக்கு எடுங்கள் என்று சைகை செய்தேன். அந்த அம்மா ஆள்காட்டி விரலை என் மூக்குக்கு நேராக ஆட்டினார். கிடையாது. பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி.

எங்கள் கடைக்கு வருகிற நரம்பியல் டாக்டர் இதையே பல தடவை சொல்லியிருக்கிறார். கழுத்தெலும்புக்குள் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் ஓடுகிறது, வெடுக்கென்று திருப்பினால் அதன் உள்சுவர் கிழியலாம், கிழிந்தால் பக்கவாதம். எப்போதாவது நடப்பதுதான், ஆனால் நடந்தால் ஆளே போச்சு. ஷாம்பு போட பேசினில் கழுத்தைப் பின்னால் ரொம்ப நேரம் மடக்கி வைத்தாலும் இப்படி வரக்கூடும் என்று 1993-லேயே அமெரிக்காவில் ஒரு டாக்டர் எழுதி, அதற்கு அழகு நிலையப் பக்கவாதம் என்றே பேர் வந்துவிட்டது என்றார். நான் தலையாட்டிவிட்டு அவர் போனதும் அடுத்த ஆளுக்குச் சொடக்கு எடுத்தேன். டாக்டர் சொல்லிக் கேட்காதவன், ஒரு மசாஜ்கார அம்மா விரலை ஆட்டியதும் கேட்டேன். ஏனென்று கேட்டால், அவர் என் தொழில்.

மணி முடிந்ததும் என் கட்டைவிரலை அவரிடம் காட்டினேன். அடி மூட்டு தேய்ந்துவிட்டது என்று எக்ஸ்ரே எடுத்து டாக்டர் சொல்லியிருக்கிறார். காலையில் பல்பசை மூடியைத் திருக முடியாது. போனில் மொழிபெயர்க்கிற ஆப்பை வைத்து, நானும் இதே தொழில் என்று சொன்னேன். அவர் தாய் மொழியில் என்னவோ பேச, போன் தமிழில், "உங்கள் கட்டைவிரல் மிகவும் கோபமாக இருக்கிறது" என்றது. இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவர் தன் விரலைத் தரையில் ஊன்றிக் காட்டினார். நுனி பின்பக்கம் வளையும்படி ஒருதரம் ஊன்றி, முகத்தைச் சுளித்து, இல்லை என்றார். அடுத்து விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்படி வைத்து, எலும்புமேல் எலும்பை அடுக்குகிற மாதிரி காட்டி, அதன்மேல் சாய்ந்தார். என் விரலைப் பிடித்துச் செய்யவைத்தார். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. தொழிலுக்கு வந்து எத்தனை வருடம் என்று கேட்டேன். முப்பத்தொன்று என்றார். அவர் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தேன், மூட்டில் ஒரு வீக்கம் இல்லை.

அந்தக் கோயிலிலேயே 1955-லிருந்து பள்ளிக்கூடம் நடக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் சேர்கிற அடிப்படைப் படிப்பு 30 மணி நேரம். அந்த ஊரில் ஸ்பாவில் மசாஜ் வேலைக்குப் போக வேண்டுமானால் குறைந்தது 150 மணி நேரப் படிப்பு வேண்டும். நோய்க்குச் சிகிச்சையாகச் செய்ய இன்னும் எவ்வளவோ மேலே. நான் படித்தது எத்தனை மணி நேரம் என்று யோசித்தேன். மாமா கடையில் ஒரு தீபாவளிக்கு முந்தின கூட்டத்தில், "டேய், அந்த அண்ணனுக்குத் தோளப் புடி" என்று தள்ளிவிட்டார். அவ்வளவுதான் என் படிப்பு.

இப்போது பலன். உள்ளதைச் சொல்கிறேன். அன்று ராத்திரி நடுவில் எழாமல் தூங்கினேன், அது எனக்கு அபூர்வம். தோள் நாலு நாள் இலகுவாக இருந்தது, ஊருக்கு வந்து கத்தரி பிடித்த மூன்றாம் நாள் முடிச்சு திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. கட்டைவிரல் மூட்டுத் தேய்மானம் அப்படியேதான் இருக்கிறது, எந்த மசாஜும் அதைச் சரிசெய்யாது. முதுகுவலி, கழுத்துவலிக்குக் கொஞ்ச காலம் நிம்மதி, மனதுக்கு அமைதி, நல்ல தூக்கம், இவ்வளவுதான் மசாஜால் ஆகும். அதுவே பெரிய விஷயம். உடம்பிலுள்ள நச்செல்லாம் வெளியேறும், கொழுப்பு கரையும் என்று போர்டு வைத்திருக்கிற கடையில் செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிடுங்கள். காய்ச்சல், எலும்பு முறிவு, கால் திடீரென்று ஒரு பக்கம் வீங்கி வலிப்பது, இதெல்லாம் இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

மதிப்பெண் போட வேண்டுமென்றால் ஐந்துக்கு நாலரை. அரை ஏன் குறைத்தேன் என்றால், எண்ணெய் இல்லை. இது அவர்கள் தப்பில்லை. நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்து வளர்ந்த உடம்புக்கு, எண்ணெய் இல்லாத மசாஜ் ரசமில்லாத சாப்பாடு மாதிரி ஏதோ ஒன்று விட்டுப்போன நினைப்பு.

ஊருக்கு வந்ததும் நாற்காலியை இரண்டு திருகு இறக்கினேன், என் கை மடங்காமல் தோளில் இறங்குவதற்காக. கடைப் பையன்கள் இரண்டு பேரையும் தரையில் விரலை ஊன்றவைத்துப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். "அண்ணா, கட்டிங் கத்துக்க வந்தோம், தண்டால் எடுக்க வைக்கிறீங்க" என்கிறார்கள். சொடக்கை நிறுத்திவிட்டேன். அதனால் மூன்று வாடிக்கையாளர்கள் எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் கட்டிங்குக்கு என்னிடம் வந்து, சொடக்குக்கு அங்கே போகிறார்.

போகிறவர்களுக்கு ஒன்று. காலையிலேயே போய்விடுங்கள், வெயிலும் கூட்டமும் குறைவு. கோயில் என்பதால் தோளும் முழங்காலும் மூடுகிற உடுப்பு வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுக்காதீர்கள். எங்கள் குழுவில் கோபிக்காரர் ஒருவர் ஓட்டல் பஃபேயை ஒரு கை பார்த்துவிட்டு வந்திருந்தார். முழங்காலை மடக்கி வயிற்றோடு அழுத்தியதும் எழுந்து ஓடியவர்தான், மிச்சம் நாற்பது நிமிடமும் மெத்தை காலியாகவே கிடந்தது.